ஸ்படிகமா கண்ணாடியா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

சென்னை மிண்ட் தெருப் பக்கம் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்படிக மாலை போன மாதம் அறுந்துபோனது. மணிகளைப் பொறுக்கும்போதுதான் இது உண்மையிலேயே ஸ்படிகமா என்ற கேள்வி வந்தது.

ஸ்படிகம் சிலிக்கா. கண்ணாடியிலும் பெரும்பகுதி அதுதான். ஆனால் ஸ்படிகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும், கண்ணாடியில் கலைந்து கிடக்கும். ஸ்படிகத்தின் அடர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 2.65; சாதாரணக் கண்ணாடி 2.5 வாக்கில் நிற்கும். இந்தச் சின்ன இடைவெளியைப் பிடித்தால் போதும்.

முதலில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடி, வேலை அங்கேயே முடிந்தது. கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பதை நான் நம்புவதில்லை. உரசிப் பார்க்கவே வேண்டாம், மணி பாழாகிவிடும்.

அடுத்து தராசு. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசுதான் வேண்டும். சமையலறைத் தராசு உதவாது. ஒரு மணியை மட்டும் நிறுத்தால் பிழை அதிகம், பத்து மணியாக எடுங்கள். காய்ந்த நிலையில் என் பத்து மணி 13.40 கிராம்.

பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். மணிகளைக் கோத்து, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது மணிகளின் பருமன் அளவுள்ள தண்ணீரின் எடை. காய்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

எனக்கு 5.24 காட்டியது. வகுத்தால் 2.56. கண்ணாடி என்றே முடிவுகட்டி, இரண்டு நாள் அம்மாவிடம் சொல்ல முடியாமல் தவித்தேன். மூன்றாம் நாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், மணியின் துளைக்குள் வெள்ளிக் கம்பி மாதிரி ஏதோ மின்னியது. காற்று! அது வெளியேறாமல் மணியின் பருமனைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மணிகளை உள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தினேன். பருத்தி நூலும் காற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், காசிமேட்டில் வாங்கிய மெல்லிய தூண்டில் நரம்பில் கோத்தேன். இம்முறை 5.06. அடர்த்தி 2.65!

பின்சேர்க்கை: தன் மாலைக்கு 3.1 வருகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். ஸ்படிகம் அவ்வளவு கனக்காது. லென்ஸில் குமிழி தெரியாவிட்டாலும் அது ஈயம் கலந்த கண்ணாடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆலையில் வளர்த்த ஸ்படிகத்துக்கும் 2.65தான் வரும். அதைப் பிரித்தறிய ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போகவேண்டும்.