ஓடாத மமோட் நீராவி எஞ்சின்: குற்றவாளி பழைய எண்ணெய்

மூன்று நாள் போன வேலை ஒருவழியாக முடிந்தது, நிம்மதி.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் மமோட் நிறுவனம் செய்த பழைய பொம்மை நீராவி எஞ்சின் இது. ஸ்பிரிட் விளக்குடன் வந்ததால் 1970களின் நடுப்பகுதிக்கு முந்தையது என்று கணித்தேன். சைக்கிள் பம்பில் காற்றடித்தால் அழகாகச் சுற்றியது. நீராவியில் பத்துச் சுற்றுக்குள் நின்றது. சிலிண்டரின் பின்பக்கம் உஸ்ஸென்று கசிவு.

முதலில் சேஃப்டி வால்வு வாஷரை மாற்றினேன், பயனில்லை. இந்த எஞ்சினில் சிலிண்டரே ஒரு பித்தளை முகத்தில் உரசியபடி முன்னும் பின்னும் ஆடும்; ஒரு ஸ்பிரிங் அதை அந்த முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். அப்புறம் அந்த ஸ்பிரிங்கை இறுக்கினேன், சக்கரமே நகரவில்லை.

கழற்றி, அந்தப் பித்தளை முகத்தில் மார்க்கரால் கோடு போட்டுக் கையால் சுற்றினேன். ஒரு ஓரத்தில் மட்டும் மை அழிந்தது. அங்கே பழுப்பு நிறத்தில், கண்ணாடிபோல ஒரு படலம்! யாரோ எப்போதோ விட்ட மெல்லிய எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கிறது. பம்பில் காற்று தாராளம், அதனால் கசிவு தெரியவில்லை. சின்ன பாய்லருக்கு அந்த இழப்பு தாங்காது.

உப்புத்தாள் தொடவே இல்லை. தேய்த்தால் அசல் உலோகம் போய்விடும். மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, பல்குச்சியால் நெம்பினேன். படலம் உரிந்து வந்தது. பிறகு நீராவி எஞ்சினுக்கென்றே உள்ள கெட்டியான ஸ்டீம் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், ஸ்பிரிங்கைப் பழைய அளவுக்குத் தளர்த்தினேன்.

இப்போது தண்ணீர் குறையும்வரை ஓடுகிறது. முழுக்க வற்றுமுன் விளக்கை அணைத்துவிடுகிறேன். வறண்டால் பாய்லரின் ஈயப்பற்று உருகிவிடும்.