சாரத்தை மடித்துக் கட்டி ஓடுவோம்: ஆண்களின் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு யாழ்ப்பாணத்தில் ஓட்டம் வைப்பது எப்படி?

ஓட்டம் ஒரு சாட்டுத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கட ஆம்பிளையளை "வாங்கோ, உங்கட உடம்பைப் பற்றிக் கதைப்போம்" என்று கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். விடிய ஓட்டம், ரீசேட் தருவோம், முடிவில் உளுத்தங்கஞ்சி என்றால் குடும்பத்தோடு வருவார்கள். ஆகவே ஓடுகிற நேரத்தை விட, ஓடி முடித்த பின் வரும் அரை மணித்தியாலத்துக்குத்தான் நீங்கள் கூட மினக்கெட வேண்டும்.

திகதி: 2003இல் மெல்பேர்னில் தொடங்கிய மோவெம்பர் இயக்கம் ஆண்களின் உடல்நலத்துக்காக நவம்பரில் மீசை வளர்க்கச் சொல்கிறது. இங்கே நவம்பரில் ஓட வெளிக்கிட்டால் மழை வெள்ளத்துக்குள் நீந்தத்தான் வேண்டும், மீசையும் எங்களுக்குப் புதினம் இல்லை. பங்குனியில் வடக்கின் பெருஞ்சமர் என்கிற பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டம் வந்தால் பொடியள் கிடைக்க மாட்டார்கள், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தெருவே கிடைக்காது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பிடியுங்கள். மீசைக்குப் பதிலாக எல்லாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடட்டும், படம் எடுக்கவும் வடிவாக இருக்கும். உள்ளே கட்டைக் களிசான் கட்டாயம், இதை அறிவித்தலிலேயே போட்டுவிடுங்கள்.

பாதை: முற்றவெளியில் தொடங்கி, கோட்டைப் பக்கமாகப் பண்ணைப் பாலத்துக்கு ஏறி, பாதியில் திரும்பி வருவது. ஐந்து கிலோமீற்றர் போதும், நடக்கிறவர்கள் நடக்கட்டும். பாலத்தில் ஒரு மரநிழலும் இல்லை என்பதால் ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். தீவுப்பக்க பஸ்கள் அந்த நேரமே ஓடத் தொடங்கிவிடும், எனவே தெருவின் ஒரு கரையை மட்டும் கேளுங்கள். பொலிசுக்கும் மாநகர சபைக்கும் பாதையின் வரைபடத்தோடு ஒன்றரை மாதம் முந்தியே கடிதம் கொடுங்கள், ஒலிபெருக்கிக்கும் சேர்த்துக் கேளுங்கள். அம்புலன்ஸ், தண்ணீர், மலசலகூடம் மூன்றும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

ரீசேட்டின் முதுகில் அனுசரணையாளரின் பெயரைப் போட்டு நிரப்பாதீர்கள், பின்னால் ஓடுகிறவர் முழுப் பாதையும் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். "இரவில் மூன்று தரம் சலத்துக்கு எழும்புறீங்களோ?" என்று ஒன்றில். "விதையில் நோகாத கட்டி இருக்கோ? குளிக்கேக்க தடவிப் பாரும் தம்பி" என்று பொடியளின் ரீசேட்டில், ஏனென்றால் விதைப் புற்றுநோய் கூடுதலாக 15 தொடக்கம் 40 வயதுக்காரரைத்தான் பிடிக்கிறது, நேரத்தோடு கண்டால் அநேகமாக எல்லாரும் சுகமாகிவிடுகிறார்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சரி, ஓடி முடித்தாயிற்று. இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். புரஸ்டேட்டுக்கான, அதாவது ஆண்களின் சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பிக்கான, பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையை அந்த இடத்திலேயே செய்து முடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். கடும் உடற்பயிற்சியும் சைக்கிள் ஓட்டமும் அந்த அளவைக் கூட்டிக் காட்டலாம், இரண்டு நாள் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கட ஆக்களில் பாதிப்பேர் சைக்கிளில்தானே வருவார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கு டொக்டரிடம் கதைக்க ஒரு திகதி எழுதிய துண்டைக் கையில் கொடுங்கள், அது போதும். சலம் போகிற கரைச்சல் எல்லாம் புற்றுநோய் இல்லை, வயதோடு அந்தச் சுரப்பி பருப்பதாகவும் இருக்கலாம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயத்திலேயே வீட்டில் படுத்துவிடுவார்கள்.

அந்த இடத்தில் செய்யக்கூடியது வாய்ப் பரிசோதனை. இலங்கையில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய், காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட், சாராயம். ஒரு பல் டொக்டர், ஒரு ரோச் லைற், இரண்டு நிமிடம். வெள்ளை அல்லது சிவப்புப் படை, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க ஏலாமை, இவற்றைத்தான் பார்ப்பார். முதல்முறை நாங்கள் வைத்தபோது வரவேற்பு மேசையில் வழக்கப்படி யாரோ வெற்றிலைத் தட்டும் வைத்துவிட்டார்கள். பிரதம விருந்தினர் போட்டுக்கொண்டே வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசினார்! இப்போது சந்தனமும் பன்னீரும் மட்டும்தான்.

காசுக் கணக்கைப் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை: பற்றுச்சீட்டு, தனி வங்கிக் கணக்கு, சேர்ந்த தொகையை ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும் அறிவித்தல். நடந்தும் ஓடியும் என்ன பெரிதாய்ச் சேரும் என்று கேட்பவர்களுக்கு, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 'ட்ரெயில்' என்று நடந்து காசு சேர்த்துத்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. கஞ்சிப் பானையைப் பல் டொக்டரின் மேசைக்கு அந்தப் பக்கம் வையுங்கள். வாயைத் திறந்து காட்டினால்தான் கோப்பை கிடைக்கும். ரோச்சுக்கு இரண்டு சோடி பற்றரி மேலதிகமாக வாங்கிக்கொண்டு போங்கள்.