சந்தேகம் இருக்கும்போதே ஜெபிப்பது எப்படி

முதலில் சந்தேகத்தை ஒரே வரியில் தாளில் எழுதுங்கள். "தேவன் இருக்கிறாரா?" என்பதும் "அம்மாவுக்கு ஏன் சுகம் கிடைக்கவில்லை?" என்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு வாசிப்பும் விவாதமும் உதவும். பின்னது வலி; அதற்கு வாதம் பேசினால் காயம்தான் பெரிதாகும்.

அடுத்து 13ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள், சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் இரண்டு நிலையங்களுக்குள் வாசித்துவிடலாம். முதல் இரண்டு வசனங்களிலேயே "எதுவரைக்கும்" என்ற முறையீடு திரும்பத் திரும்ப வருகிறது. நம்பிக்கை ஐந்தாம் வசனத்தில்தான் எட்டிப் பார்க்கிறது. அதே வரிசையில் ஜெபியுங்கள்: புகார், வேண்டுதல், பிறகு நம்பிக்கை. பலர் புகாரைத் தாண்டிக் குதித்து நேரே துதிக்குப் போய்விடுகிறார்கள், அதனால்தான் ஜெபம் வெறும் ஒப்பிப்பாகிறது. நம்பிக்கை வராத நாளில் 88ஆம் சங்கீதம் போதும். அது இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

உணர்வு திரும்பட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாற்கு 9:24இல், நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் சொன்னான், மகன் சுகமானான்.

சபையை விட்டு ஒதுங்க வேண்டாம். இயேசு உயிர்த்தெழுந்ததை நம்ப மறுத்த சீஷன் தோமா, எட்டு நாள் கழித்தும் மற்ற சீஷர்களோடுதான் இருந்தான். ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமோ, ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயமோ, எங்கே போனாலும் நம்பகமான ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். சபையின் செல் குழு (சிறு ஜெபக் குழு) வாட்ஸ்அப்பில் போட்டால் ஆளாளுக்கு வசனம் அனுப்புவார்கள், கேட்க ஆளிருக்காது.

தூக்கம், பசி இரண்டும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் பாலிகிளினிக் போங்கள். உயிரே வேண்டாமென்று தோன்றினால் சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ எந்நேரமும் அழைக்கலாம்.