பந்திக்கு எழாமல் உட்கார்ந்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

திருவிருந்து ஞாயிறு, சபையார் அப்பமும் திராட்சரசமும் பெறும் நாள். வரிசை வரிசையாக எழுந்து பீடத்தண்டை போகிறார்கள். ஒருவர் மட்டும் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு, பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுவதுபோல் உட்கார்ந்திருப்பார். அந்த ஆளாக நானும் இருந்திருக்கிறேன். நிலத் தகராறில் அண்ணனோடு பேச்சு நின்றுபோன வருஷம் அது.

எனக்குச் சாக்காகக் கிடைத்தது, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வசனம், 1 கொரிந்தியர் 11:27. அதை 'அபாத்திரன் புசிக்கக் கூடாது', அதாவது தகுதியில்லாதவன் சாப்பிடக் கூடாது என்றுதான் வாசித்துவைத்திருந்தேன். வசனத்தில் இருப்பதோ 'அபாத்திரமாய்', தகாத விதமாய். சாப்பிடுகிற விதத்தைச் சொல்லும் வார்த்தை அது. ஆறு வசனம் மேலே போனால் விஷயம் புரியும்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான், அதாவது குடித்திருக்கிறான். முந்திக்கொண்டு தின்று, இல்லாதவர்களை வெட்கப்படுத்திய பந்தியைத்தான் பவுல் கண்டிக்கிறார். 28ஆம் வசனத்தையும் நாம் பாதியில் விட்டுவிடுகிறோம். 'தன்னைத்தானே சோதித்தறிந்து' என்றதும் அடுத்த வார்த்தை, 'இந்த அப்பத்தில் புசித்து'. சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ என்று அங்கே எழுதியில்லை. எங்கள் ஆராதனை முறையிலும், மேசையிலிருந்து விழும் துணிக்கைகளுக்குக்கூட நாங்கள் தகுதியற்றவர்கள் என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டுத்தானே எழுந்து போகிறது!

அடுத்தது, 'கொஞ்சம் திருந்திவிட்டு வருகிறேன்' என்பது. லூக்கா 15இல், தகப்பனிடம் பங்கு வாங்கிப் போய் அழித்துவிட்ட இளைய மகன் பன்றிகளுக்கு நடுவே ஒரு பேச்சைத் தயார்செய்கிறான். கடைசி வரி, 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்'. வேலை செய்து கடனைக் கழிக்கும் திட்டம். வீட்டு வாசலில் 'பாத்திரன் அல்ல' என்பதுவரை சொல்கிறான். கூலிக்காரன் வரி வாயில் வரவேயில்லை. அதற்குள் தகப்பன் வஸ்திரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். மகன் சொன்னது பொய் என்று தகப்பன் மறுக்கவுமில்லை, கவனித்தீர்களா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் செய்யும் பொருத்தனைகளும் இதே கணக்குதான். புது வருஷத்துக்கென்று வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையை பர்ஸில் வைத்துக்கொண்டு, பொங்கலுக்குள் பழைய பழக்கத்துக்குத் திரும்பியதும், இந்த வருஷமும் போச்சு என்று டிசம்பர்வரை கோயில் பக்கமே வராதவர்கள் உண்டு.

'எப்படியும் மன்னிப்பார்' என்று இழுத்தடிப்பது எதிர்ப்பக்கத் தவறு. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றது இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு. வரவைப்பதற்குக் கொடுத்த விலை அல்ல அது. ஆனால் வந்த பிறகு பணம் பெட்டியிலேயே இருக்கவுமில்லை.

என் விஷயத்துக்கு மத்தேயு 5:24 நேராகவே பொருந்தும். காணிக்கையை வைத்துவிட்டுப் போ, சகோதரனோடே ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து. போகவும் வேண்டும், வரவும் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து நான் இரண்டையும் செய்யாமலிருந்தேன். அதற்கு பயபக்தி என்று பெயர் வேறு.

ஒரு சனிக்கிழமை ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டேன். பத்து நிமிஷம் மழையைப் பற்றித்தான் பேசினோம். நிலம் இன்னும் பிரியவில்லை. மறுநாள் எங்கள் வரிசை எழுந்தபோது பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.