கானாற்றுத் தண்ணீரில் கிருமி எங்கே ஏறுகிறது? ஊரிலேயே பார்க்கும் முறை

ஜவ்வாது மலையிலிருந்து வேலூர்ப் பக்கம் இறங்கும் கானாறுகள் ஐப்பசி, கார்த்திகையில் நன்றாக ஓடும். மாசிக்குள் பல இடங்களில் குட்டையாக நின்றுவிடும். ஓடுகிற நாளில் குளிப்பதும் துவைப்பதும் மாடு கழுவுவதும் அதில்தான், கரையோரக் கிணறு ஊறுவதும் அதனால்தான். திறந்த ஓடையில் கிருமி இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, எப்போதும் இருக்கும். எவ்வளவு இருக்கிறது, எந்த இடத்தில் ஏறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதனால் மூன்று இடங்களில் எடுங்கள்: ஊருக்கு மேலே ஓர் இடம், சாக்கடை கலந்து சுமார் இருநூறு மீட்டர் கீழே ஓர் இடம், ஜனங்கள் இறங்கிக் குளிக்கும் துறை. சாக்கடை வாயிலேயே பிடித்தால் அது சாக்கடையின் கணக்கு, ஓடையின் கணக்கு ஆகாது. கீழிருந்து மேலாக நடந்து வந்து எடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மிதித்துக் கலக்கிய சேறே அடுத்த பாட்டிலுக்குள் போகும்.

250 மில்லி கண்ணாடி பாட்டிலை மூடி தளர்வாக வைத்து, வாயைத் தாளால் கட்டி, குக்கரில் வெயிட் போட்டபின் அரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். ஓடையில் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மூடியைக் கீழே வைக்காமல் உள்பக்கம் தொடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலைத் தலைகீழாக ஒரு சாண் ஆழத்துக்கு அமுக்கி, அங்கே வாயை ஓட்டத்தின் பக்கம் திருப்புங்கள். மேலே மிதக்கும் ஏடும் வராது, அடிச்சேறும் வராது. குலுக்குவதற்கு இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். பாலித்தீன் பையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். உருகிய ஐஸ் தண்ணீர் மூடிவழியே இறங்கிக் கெடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஆறு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கிவிட வேண்டும்.

சோதனைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி போதும்: மலக் கிருமி இருந்தால் ஊற்றிய நீரைக் கறுக்க வைக்கும் மருந்து உள்ளே இருக்கும், எதுவரை நீர் ஊற்ற வேண்டும் என்ற குறியும் இருக்கும். ஊராட்சியில் உள்ள கள நீர்ப் பரிசோதனைப் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இது குடிநீருக்காக உருவான முறை. ஓடைத் தண்ணீரைக் குறி வரை ஊற்றினால் எல்லாக் குப்பியும் கறுத்துவிடும், ஒன்றும் தெரியாது. அளவைக் குறைத்து ஊற்றுவதுதான் வழி: ஓர் இடத்துக்கு ஒன்பது குப்பி, மூன்றில் 10 மில்லி, மூன்றில் 1 மில்லி, மூன்றில் 0.1 மில்லி. மீதியைக் குறி வரை, இருபது நிமிடம் கொதித்து ஆறிய கிணற்று நீரால் நிரப்புங்கள். குளோரின் போட்ட குழாய் நீர் வேண்டாம், அது கிருமியைக் கொன்றுவிடும். 0.1 மில்லியை அளப்பது கடினம். ஒரு மில்லி ஓடை நீரை ஒன்பது மில்லி கொதித்த நீரில் கலந்து, அதில் ஒரு மில்லி எடுங்கள். கொதித்த நீர் மட்டும் ஊற்றிய ஒரு குப்பியும் தனியாக இருக்கட்டும். அது கறுத்தால் அன்றைய வேலை முழுவதும் செல்லாது.

30 முதல் 37 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். 24 மணியிலும் ஒருமுறை பாருங்கள். மார்கழிக் குளிரில் தெர்மாகோல் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டிலோடு வைத்து அவ்வப்போது மாற்ற வேண்டும். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே வேண்டாம்.

10 மில்லிக் குப்பிகள் மூன்று மட்டும் கறுத்தால் 100 மில்லி ஓடை நீருக்குச் சுமார் 23 கிருமி. 1 மில்லிக் குப்பிகளும் சேர்ந்து கறுத்தால் சுமார் 240. ஒன்பதும் கறுத்தால் 1,100-க்கு மேல். இந்த எண்ணை இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டும் வையுங்கள். குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விரும்பும் அளவு 100 மில்லிக்கு 500 மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் ஒரு கிருமி வகை), உச்சவரம்பு 2,500; அதை ஆய்வகத்தில்தான் எண்ண முடியும்.

ஊற்றிய சில நிமிடத்திலேயே குப்பி கறுத்தால் கிருமி என்று முடிவு கட்டாதீர்கள். தோல் பதனிடும்போது முடி நீக்க சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள்; ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் அந்தக் கழிவு கலந்த நீரில் ஏற்கெனவே சல்ஃபைடு இருக்கலாம். அழுகிய முட்டை வாடை அடிக்கும். கிருமியால் கறுக்கப் பல மணி நேரம் ஆகும். டி.டி.எஸ். மீட்டரையும் நம்ப வேண்டாம், அது உப்பை மட்டும்தான் சொல்லும்.

ஒரு நாள் முடிவை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். முதல் மழை கரையிலுள்ள சாணத்தையும் மலத்தையும் வாரி வரும், எண் எகிறும். மாதத்தில் ஐந்து நாள், ஒரே நேரத்தில், காலையில் எடுங்கள். கடைசி மழை எப்போது, மாடு இறங்கியதா, தண்ணீர் கலங்கலா என்று பக்கத்தில் எழுதுங்கள்.

கறுத்த குப்பியில் இருப்பது பெருகிய கிருமி. ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் விட்டு, ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளிக் குழியில் கொட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.