காட்டு மண்ணில் நைட்ரஜன் அளப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் நீலகிரியிலிருந்து மாணவி ஒருவர் மண் மாதிரிகளோடு வந்தார். பாலித்தீன் பைகளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"எடுத்து எத்தனை நாளாச்சும்மா?"

"நாலு நாள், சார்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருஷத்துக்கு முன் நானும் இப்படித்தான் வந்து நின்றேன். பைக்குப் பேர் எழுது, கையுறை போடு என்பதை யாரும் சொல்வார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

பைக்குள் மண் சும்மா இருக்கும் என்று நம்புவது

வாகனப் புகை, உரமிட்ட வயல், மாட்டுக்கொட்டகை எல்லாவற்றிலிருந்தும் காற்றில் ஏறும் நைட்ரஜன் மழையோடும் தூசியோடும் காட்டில் இறங்குகிறது. மண்ணில் அது மிஞ்சுகிறதா என்று பார்க்கத்தான் நைட்ரேட்டை அளக்கிறோம். ஆனால் பையிலுள்ள மண்ணே நைட்ரேட் தயாரிக்கும். வேரை அறுத்தாயிற்று, உறிஞ்ச ஆளில்லை. நுண்ணுயிர்கள் மக்கை அம்மோனியமாக்கி, அதை நைட்ரேட்டாக்கிக்கொண்டே இருக்கும். ஊட்டிக் குளிரில் மெதுவாக நடந்த வேலை, மேட்டுப்பாளையம் வந்ததும் சூடுபிடிக்கும்.

ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்த சோலை மண்ணை பஸ் டிக்கியிலும் லாட்ஜ் அறையிலும் வைத்திருந்து அளந்தேன். நைட்ரேட் எகிறியது. "நைட்ரஜன் நிரம்பி வழியும் காடு" என்று துள்ளினேன். ஆய்வு வழிகாட்டி கேட்டது ஒன்றுதான்: "ஐஸ் பெட்டி எங்கே?" அடுத்த மழைக்கு மறுபடி மலையேறி, எடுத்த அன்றே மண்ணிலிருந்து நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கும் உப்புக் கரைசலில் போட்டேன். நைட்ரேட் பெயருக்குத்தான் இருந்தது. வீணான அந்த ஒரு வருஷம் போனதுதான். "உலர்த்தி வைச்சுக்கலாமே" என்பவர்களைக் கண்டால் இன்னும் எரிச்சல் வரும். உலர்த்தினால் நுண்ணுயிர்கள் செத்து, அவற்றின் நைட்ரஜனும் கணக்கில் ஏறிவிடும்.

2 மோலார் பொட்டாசியம் குளோரைடு 50 மி.லி. ஊற்றிய பாட்டில்களை எடைபோட்டுக் காட்டுக்கே கொண்டுபோங்கள். 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண் சுமார் 10 கிராம் போடுங்கள். இரவே மறுபடி எடைபோட்டு, ஒரு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, உறையவைத்துவிடுங்கள். ஈரப்பதம் பார்க்கத் தனியாக மண் எடுங்கள். வடிதாளிலேயே அம்மோனியம் இருக்கும், அதனால் மண் போடாத பாட்டிலும் இரண்டு மூன்று வேண்டும்.

மழைநீர் பிடிக்கும் புனலை வெட்டவெளியில் மட்டும் வைப்பது

இலைகள் வாயுவையும் தூசியையும் மூடுபனியையும் பிடித்துவைக்க, மழை கழுவி இறக்கும். மரத்தடியிலும் புனல் வையுங்கள். அதுவும் முழுக்கணக்கு ஆகாது, இலையே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

புனலில் பறவை எச்சம்

எச்சம் விழுந்த தண்ணீரில் நைட்ரஜன் கணக்கும் கெட்டுவிடும். பாஸ்பேட் எகிறினால் எச்சம் விழுந்திருக்கிறது என்று கொட்டிவிடுங்கள்.

நைட்ரேட்டா, நைட்ரேட்-நைட்ரஜனா?

எண் முழு நைட்ரேட்டின் எடையா, அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டுமா என்று எழுதிவையுங்கள். 4.43 மடங்கு வித்தியாசம்.

அம்மோனியா காரம்தானே, மண்ணை அமிலமாக்காது என்பது

நெதர்லாந்தின் மாட்டுப்பண்ணை அம்மோனியா காட்டு மண்ணை அமிலமாக்கியது. நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளிவரும். அந்த நைட்ரேட் வடிந்து ஓடுகையில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துப்போகும். பிறகு அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும்.

மேல்மக்கைச் சுரண்டி எறிவது

மேல்மக்கு என்பது மண்ணுக்கு மேலே சருகு மக்கிக் கிடக்கும் அடுக்கு. ஐரோப்பிய ஊசியிலைக் காடுகளில் அதன் கார்பன்–நைட்ரஜன் விகிதம் சுமார் 25க்குக் கீழே போனால் நைட்ரேட் வடியத் தொடங்குகிறது. நாலு நாளில் பெரிதாக மாறாத எண் அது. அதையாவது பார்க்கலாம் என்று மாணவியின் பைகளைப் பிரித்தேன். எல்லாமே கீழ்மண்.

"மேல்மக்கு எங்கம்மா?"

"சருகும் குச்சியுமா இருந்துச்சு சார், தள்ளிட்டேன்."