நொய்யல் கிணறுகளும் ஜர்னலின் கொள்கைப் பக்கமும்

நொய்யல் ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து என்னிடம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் கட்டுரையை எழுதி முடித்துவிட்டுத்தான் "மேடம், எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம்?" என்று வருவார்கள். தண்ணீர் பிடிக்கப் பாட்டில் கழுவும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதுவும் எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அதன் கொள்கைப் பக்கத்தைப் படிக்காமல் தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

முதலில் பணம். இவற்றில் பல இதழ்கள் எழுதுபவரிடம் காசு வாங்கும். அதற்கு ஏபிசி (APC, கட்டுரை வெளியீட்டுக் கட்டணம்) என்று பெயர். கட்டணத் தள்ளுபடி உண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். தானாகக் கிடைக்கும் சலுகைப் பட்டியலில் பெரும்பாலும் இந்தியா இருக்காது. நாமாக எழுதிக் கேட்கலாம், ஆனால் கட்டுரையை அனுப்பும்போதே கேட்டுவிட வேண்டும். எழுதுபவர், படிப்பவர் இருவரிடமும் காசு வாங்காத டைமண்ட் இதழ்களும் உண்டு. திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டிஓஏஜே (DOAJ) தளத்தில் கட்டணமில்லாதவற்றை மட்டும் பிரித்துத் தேடலாம்.

நான் இதில் சூடு பட்டவள். என் முதல் கட்டுரை நாலே நாளில் ஏற்கப்பட்டதாக மெயில் வந்தது. நாலு நாளில் மாவு புளிக்கும், துறை அறிந்தவர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வு முடியுமா? உடனே பணம் கேட்டார்கள். சரி, வேண்டாம், எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் பணம் கேட்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவது பற்றி அவர்கள் தளத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். ஆகவே எத்தனை பேர் மதிப்பாய்வு செய்கிறார்கள், திரும்பப் பெற என்ன வழி என்பதைப் பாருங்கள். ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளைக் கவனிக்கும் கோப் (COPE) அமைப்பின் லோகோவை யாரும் ஒட்டிக்கொள்ளலாம்; அந்த அமைப்பின் தளத்திலேயே இதழின் பெயரைத் தேடுங்கள். ஏற்கத்தக்க இதழ்கள் என்று வைத்திருந்த யூஜிசி கேர் பட்டியலை நம்பி இருப்பவர்களுக்கு: 2025 பிப்ரவரியிலேயே யூஜிசி அதைக் கைவிட்டுவிட்டது.

கட்டுரையை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தில் சிசி பை (CC BY) இருந்தால் நம் பெயரைச் சொல்லி யாரும் எடுத்தாளலாம், மொழிபெயர்க்கலாம். என்டி (ND, மாற்றி வெளியிடக் கூடாது) என்று சேர்ந்திருந்தால் மற்றவர்கள் மொழிபெயர்த்து வெளியிட முடியாது. அதோடு பிரத்தியேக உரிமையையும் இதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், நம் கட்டுரையை நாமே தமிழாக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கவும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

உண்மையான சிக்கல் தரவுக் கொள்கையில்தான். மூலத் தரவை ஜெனோடோ மாதிரி இணையத்தில் உள்ள பொதுக் களஞ்சியத்தில் போடச் சொல்லும் இதழ்கள் பல. சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு தோட்டத்துக் கிணற்று நீரில், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டேன். எண் 2000-ஐத் தாண்டி ஏறியது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில்கூட குடிநீருக்குக் கடைசி வரம்பு லிட்டருக்கு 2000 மில்லிகிராம்தான். எட்டிப் பார்த்த தோட்டத்துக்காரர் சொன்னார்: "ஏனுங் அம்மிணி, எங்க கெணத்தைப் பேரோட போட்டுப்புட்டா நாளைக்கு இந்தத் தோட்டத்தை எவன் கேப்பான்? புள்ளைய வேற கட்டிக்குடுக்கோணுமுங்க."

அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் முன்பே தமிழில் ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுகிறேன். கிணறுகளுக்கு கி-1, கி-2 என்றுதான் பெயர். அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினால் இடம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மங்கிவிடும். வரைபடத்துப் புள்ளி, எக்செல் கோப்பில் மறந்துபோன பெயர்ப் பத்தி, இடக்குறிப்போடு எடுத்த செல்போன் படம், இந்த மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். துல்லியமான இடத்தை ஏன் தரவில்லை என்று கட்டுரையோடு சேரும் தரவு அறிக்கையில் காரணம் எழுதுங்கள். அனுப்பும் முன்பே இதழின் ஆசிரியருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். எனக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஆய்வு முடிவால் நமக்கோ நம் சொந்தக்காரர்களுக்கோ லாப நஷ்டம் உண்டா என்று சொல்லும் நல முரண் அறிவிப்பைக் காலியாக விடாதீர்கள். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் பங்கு வைத்திருக்கும் மாமன் மச்சான் யாருக்கு இல்லை? என் சித்தப்பாவுக்கு உண்டு. எழுதினேன், ஒன்றும் ஆகவில்லை. சாட்ஜிபிடி மாதிரிக் கருவியைத் தொட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதன் பெயரைக் கட்டுரையாசிரியராக மட்டும் போட முடியாது.

கட்டுரையை அனுப்பும் நாளன்று கொள்கைப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப்பாக எடுத்து, தோட்டத்துக்காரர்களின் ஒப்புதல் கடிதங்களோடு ஒரே ஃபைலில் வையுங்கள். அந்தப் பக்கம் நடுவில் மாறிப்போவதும் உண்டு.